எபெனேசாவின் குதிகால்

எங்கள் ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு ஒன்பது வருஷம் தலைவியாக இருந்தவள் எபெனேசா. அவள் அப்பாவும் என் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். எனக்கு அக்கா முறை. மாதம் ஒரு முறை சங்கத்துப் பெண்கள் வீடு வீடாகப் போய்ச் சுத்தம் பார்ப்போம். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, பாய்களை வெயிலில் போட்டார்களா, பிள்ளைகள் உடம்பில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அவள் முன்னால் போவாள், நான் நோட்டோடு பின்னால் போவேன். அவள் சொல்வதை எழுதுவதும், அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படிப்பதும் என் வேலை.

அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்ததற்கு அவள்தான் காரணம் என்று ஆஸ்பத்திரி நர்ஸே சொல்லியிருக்கிறாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அந்த வருஷம் மே மாதம், சுதந்திர தின அணிவகுப்புக்காகப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சியேனியின் மகள் லூபேவுக்கு ஏழு வயது. புது ஷூ கடித்துக் குதிகாலில் கொப்புளம். நாங்கள் போன அன்று சியேனி அதை ஊசியால் குத்தி நீரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தாள். சியேனி உபோலு தீவிலிருந்து எங்கள் ஊர் தவிதாவைக் கட்டிக்கொண்டு வாழ வந்தவள். வந்த மருமகள்கள் எங்கள் ஊரில் எதிர்த்துப் பேசுவதில்லை.

எபெனேசா கட்டைப் பார்த்தாள், தட்டில் கிடந்த ஊசியைப் பார்த்தாள். "கொப்பளத்துல கை வெக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உங்க ஊர்ல இப்படித்தான் அழுக்கு ஊசியால புள்ளையக் குத்துவீங்களா?" என்று பன்னிரண்டு பெண்களுக்கு நடுவில் கேட்டாள். சியேனி ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். குழந்தை அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. 'தவிதா வீடு, குழந்தையின் காலில் அழுக்கு ஊசி' என்று நான் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் படிக்கவும் செய்தேன்.

அக்டோபரில் எங்கள் புது தேவாலயத்தின் திறப்பு விழா வந்தது. கட்டி முடிக்க ஆறு வருஷம் ஆகியிருந்தது. பதினான்கு ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சங்கத்துப் பெண்கள் அறுபது பேரும் வெள்ளை உடை, வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஷூ போட்டு அணிவகுத்துப் போக வேண்டும், தலைவி முதலில். ஆக்லாந்தில் இருக்கும் எபெனேசாவின் மகள், ஷூ வாங்கி அனுப்ப ஃபோனில் அளவு கேட்டபோது நாங்கள் நாலைந்து பேர் பக்கத்தில் இருந்தோம். "எபெனேசா காலுக்கு ஷூ எங்க கிடைக்கும், படகுதான் வாங்கணும்" என்று அவள் வயதுக்காரி ஃபுவாதினோ சொல்லிச் சிரித்தாள். எபெனேசா ஃபோனில் எட்டு என்றாள். அவள் கால் பத்து. எனக்கும் தெரியும், சொல்லவில்லை.

புதன்கிழமை முதல் ஒத்திகை. தேவாலயத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினோம். எபெனேசா கழுத்தை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தாள். வீட்டில் ஷூவைக் கழற்றினால், குதிகாலில் முட்டையின் மஞ்சள் கரு அளவுக்குக் கொப்புளம். அந்தக் கதையெல்லாம் பிறகு அவளே என்னிடம் சொன்னதுதான். மறுநாள் மறுபடியும் ஒத்திகை. யாரிடம் காட்டுவது? எட்டு என்று சொன்னது வெளியே வந்துவிடும். கணவனைப் பன்றிகளுக்குத் தீனி வைக்க அனுப்பிவிட்டு, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, நகவெட்டியால் அந்தத் தோலை முழுக்க உரித்து எடுத்துவிட்டாள். அடியில் சிவப்புச் சதை. அதன்மேல் கழிப்பறைத் தரையில் ஊற்றும் மருந்தைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினாள். துண்டை வாயில் கடித்துக்கொண்டாளாம். பிறகு பழைய துணி ஒன்றைக் கிழித்து இறுக்கிக் கட்டி, வியாழக்கிழமை அதே ஷூவில் பாலம் வரை நடந்தாள்.

வெள்ளிக்கிழமை, விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் என்பதால் எல்லா வீடும் பார்த்தோம். அவள் ரப்பர் செருப்பில் மெதுவாக வந்தாள். முழங்கால் வலி என்றாள். சியேனி வீட்டில் பாயில் உட்கார்ந்து, துணியால் காலை மூடிக்கொண்டாள். எல்லாம் ஒழுங்காக இருந்தது. மற்றவர்கள் எழுந்தார்கள். எபெனேசாவால் எழுந்திருக்க முடியவில்லை. "நீங்க போய்க்கிட்டே இருங்க, நாங்க எழுதி முடிச்சுட்டு வர்றோம்" என்று அவர்களை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். எழுத ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

லூபேதான் முதலில் பார்த்தாள். "அம்மா, இவங்க கால்ல ரத்தம்."

சியேனி பக்கத்தில் வந்து துணியை விலக்கினாள். கட்டுத் துணி புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுட்டது. சியேனி எழுந்து உள்ளே போனாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். ஃபிளாஸ்கில் இருந்த வெந்நீரையும் ஆறவைத்த தண்ணீரையும் கலந்து பேசினில் கொண்டுவந்தாள். எபெனேசா துணியைப் பிய்த்து எடுக்கப் போனாள். சியேனி அவள் கையைப் பிடித்து நகர்த்திவிட்டுக் காலைத் தண்ணீரில் வைத்தாள். தானாக ஊறி விடட்டும் என்றாள்.

காலை நீட்டி ஒருவர் முகத்துக்கு நேராக வைப்பது எங்களிடம் மரியாதை இல்லை. தலைவியின் கால், அதுவும் அந்த நிலைமையில், ஒரு மருமகளின் மடிக்கு நேராக இருந்தது. எபெனேசா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். துணி ஊறி விடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

துணியை எடுத்துப் பார்த்துவிட்டு சியேனி கேட்டாள்: "தோல யாரு உரிச்சது?"

"நான்தான்."

சியேனி தலையை மட்டும் ஆட்டினாள்.

"திட்டணும்னா திட்டிடு, சியேனி."

"திட்டி என்னம்மா ஆகப்போவுது? காலை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புங்க."

சோப்பு நீரால் சுற்றிலும் மெல்லக் கழுவினாள். வாசலின் தடவி, ஒட்டாத கட்டுத் துணியை மேலே வைத்தாள். பிறகு ஒரு பழைய ரப்பர் செருப்பிலிருந்து வளையமாக ஒரு துண்டு வெட்டி, தேய்த்துக் கழுவித் துடைத்து, கட்டுக்கு மேலே, புண் நடுவில் வருகிற மாதிரி வைத்துச் சுற்றினாள். என் பேனாவைக் கேட்டு வாங்கினாள். கட்டுக்கு வெளியே சிவப்பு எதுவரை இருக்கிறதோ, அதுவரை தோலில் ஒரு கோடு போட்டாள். காலையில் சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, விழாவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று சொன்னாள்.

பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கு ஊசிய கொதிக்க வெச்சுட்டுதான்மா குத்துனேன். புள்ள வலியில தரையில காலையே ஊனல. ஓரத்துல சின்னதா ஒரு குத்து, நீரு மட்டும்தான் எடுத்தேன். தோல அப்படியே விட்டுட்டேன், அதுதானே கட்டு மாதிரி மூடிக் காக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி ஆப்பியா டவுன்ல ஓட்டல்ல வேலை பாத்தேன்ல, பத்து மணி நேரம் மூடுன ஷூவுல நிப்போம். நாங்க பொண்ணுங்க ஒருத்திக்கொருத்தி இப்படித்தான் பாத்துக்குவோம். எப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

  அந்தப் பேனாவைப் பையில் வைப்பதா கையிலேயே வைத்திருப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சியேனியே வந்து பார்த்தாள். சிவப்பு கோட்டுக்குள்ளேயே நின்றிருந்தது. ஷூ மட்டும் கூடாது என்றாள். அதனால் அணிவகுப்பில் ஃபுவாதினோ முன்னால் போனாள். எபெனேசா வெள்ளைப் பட்டுடையும் ரப்பர் செருப்புமாகக் கடைசியில் வந்தாள். விருந்தில் ஃபுவாதினோ, "படகு எங்கடி?" என்று கேட்டபோது எபெனேசா ஒளிக்கவில்லை. "பத்துன்னு சொல்ல வெக்கப்பட்டு எட்டுன்னு சொன்னேன். கடிச்சிருச்சு" என்றாள். எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். ஷூ விஷயத்தில் வெட்கம் அத்தோடு போயிற்று.

சியேனி விஷயத்தில் போகவில்லை. புண் ஆற மூன்று வாரம் பிடித்தது. தினமும் சியேனி வந்து கட்டு மாற்றினாள். குனிந்த தலை நிமிராமல் செய்துவிட்டுப் போவாள். நவம்பர் கூட்டத்தில் எபெனேசா எழுந்து, "சியேனி..." என்று ஆரம்பித்தாள். கடைசி வரிசையில் சியேனி நிமிர்ந்தாள். எபெனேசா தண்ணீர்த் தொட்டி மூடிகளைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில், வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது என்றும், இத்தனை வருஷமாக அடுத்தவர்களைத்தானே நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன் என்றும் என்னிடம் சொன்னாள்.

டிசம்பர் கூட்டத்தில் என்னை மே மாதத்து வரியைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "அது பொய். அவ சரியா பண்ணினா. நான்தான் கேக்காமக் கொள்ளாமப் பேசினேன். அவ பண்ணினதுல பாதி எனக்குத் தெரிஞ்சிருந்தா என் கால் அப்படி ஆகியிருக்காது" என்றாள்.  அந்த வரியை அங்கேயே அடித்தேன். சியேனி, "சரிம்மா" என்றாள், அவ்வளவுதான். அறுபது பேரும் திரும்பிப் பார்த்ததில் அவள் முகம் மே மாதத்தில் இருந்தது போலவே சிவந்திருந்தது.

கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டும்போது சியேனி என் பக்கம் வந்தாள். "பெரியவங்க எல்லாரும் கேட்டாங்க, சந்தோஷம். ஆனா அன்னைக்கு லூபே பக்கத்துல இருந்தா. ரெண்டு மாசம், 'அம்மா, உன் கை அழுக்கா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அவகிட்ட யாரு சொல்றது?"

அதை எபெனேசாவிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். சொன்னேன். அவள் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று அவள் கணவன் பிறகு சொன்னான்.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் போனோம். நோட்டு எடுத்துப் போகவில்லை. லூபே கொக்கோ விதைகளைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தாள். எபெனேசா அவள் எதிரில் உட்கார்ந்து, உன் அம்மாவின் கை சுத்தமான கை, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். எழுதியது நான், அதுவும் தப்பு என்று நானும் சொன்னேன்.

குழந்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. "எனக்கு நாலே நாள்ல ஆறிடுச்சு" என்றது. "உங்களுக்கு?"

எபெனேசா தலை குனிந்தபடியே, மூன்று வாரம் என்று சொன்னாள்.