மாட்டுத் தரகர் அரங்கசாமி வாய் தொறந்தது

எங்கூட்டுக்காரரு அரங்கசாமி மாட்டுத் தரகருங்க. குடியிருக்கறது போத்தனூருன்னாலும், பொள்ளாச்சிச் சந்தையில இருந்து அந்தியூர்ச் சந்தை வரைக்கும் அவரு பல்லுப் புடிச்சுப் பாக்காத மாடு இல்லீங்க. எத்தனை முட்டற காளையா இருந்தாலும் மூக்கைப் புடிச்சு, உதட்டை வெலக்கி, வயசைச் சொல்லிப்போடுவாரு. அந்த மகராசன் வாயை மட்டும் ஒருத்தரும் பாக்கப்படாது.

தொண்ணூத்தி நாலுல இடது கடைவாய்ப் பல்லு சொத்தையாச்சு. டாக்டர்கிட்டப் போலாமுங்கன்னேன். கிராம்பு வெச்சாரு. பொகையிலைய இன்னும் எச்சா அடக்குனாரு. ஆனைமலைக்குப் போயி, களவு குடுத்தவங்களும் ஏமாந்தவங்களும் நாயம் கேக்கற மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்தாரு, பல்லு என்னமோ இவரு சொத்தை எழுதி வாங்கிட்ட மாதிரி. அம்மனுக்கு அன்னிக்கு வேற சோலி இருந்திருக்கும்.

அதுக்கப்பறம் சோறு, வெத்தலை எல்லாத்தையும் வலது பக்கமே மென்னாரு. வருசம் திரும்பறதுக்குள்ள வலது காதுக்கு முன்னால தாடை மூட்டுல கடக்குன்னு சத்தம். கொட்டாவி உட்டாக் கண்ணுல தண்ணி. கடைசியில ரெண்டு வெரல் நொழையற அளவுக்குக்கூட வாய் தொறக்கலை. டாக்டர்கிட்ட வாரதுக்கு என்ன கெரகமுங்கன்னு கேட்டா, ஊசின்னாப் பயமா இருக்குதுன்னாரு. காளை கொம்புக்குப் பயமில்லை, ஊசிக்குப் பயமாம். நல்லா இருக்குதுங்களா நாயம்? ஒறம்பரை, சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிச்சேன். அவரும் சேந்து சிரிச்சாரு, பாதி வாயில.

அவரு கூட்டாளி கண்ணையாவும் பொகையிலை போடறவருதான். அவருக்கும் இப்பிடித்தான் வாய் தொறக்காமப் போச்சு. புத்துநோயின்னாங்க. மறு பொங்கலுக்கு ஆளு இல்லை. அந்தப் பேச்சை எங்கூட்டுல ஆரும் எடுக்கறதில்லீங்க. ஆனா இவரு கம்பங்கூழை உறிஞ்சி உறிஞ்சி, சட்டை தொளதொளன்னு ஆனப்ப இனி இவரைக் கேட்டுட்டு இருக்கப்படாதுன்னு துணிஞ்சுட்டேன்.

ஒப்பணக்கார வீதியில துணி எடுக்கோணும்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போயி, உக்கடத்துல ஜன்னத்துன்னு ஒரு பல் டாக்டரம்மா ஆஸ்பத்திரியில ஏத்திப்போட்டேன். எங்க புள்ள வயசுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு. மூட்டுக்கு ஒத்தடம் குடுத்து, மரமரப்பு ஊசி போட்டாங்க. இத்தனை நாளா ஊசி ஊசின்னு உருண்ட மனுசன் கண்ணைக்கூடச் சிமிட்டலை. எனக்கு எரிச்சலா வந்துச்சு. இதுக்கா ஒரு வருசம் என்னைப் பாடாப்படுத்துனாருன்னு வாய் வரைக்கும் வந்துபோச்சு.

அப்பறம் வாய் மெல்லத் தொறந்துச்சு. டாக்டரம்மா டார்ச் அடிச்சு கன்னம், நாக்கு, தொண்டைன்னு ரொம்ப நேரம் பாத்தாங்க. அவங்க கையை எடுத்ததும் இவரு கேட்டாரு.

"மறைக்காமச் சொல்லுங்க அம்மணி. நானு இன்னும் எத்தனை வருசம் உழைப்பேனுங்க?"

மாடு வாங்க வாரவங்க இவருகிட்டக் கேக்கற கேள்வி அது. எத்தனை மாட்டுக்கு இவரு இனித் தேறாதுன்னு உதட்டைப் பிதுக்கியிருப்பாரு. ஊசியாவது ஒண்ணாவது, மனுசன் பயந்துட்டு இருந்தது இதுக்குத்தானுங்க.

புத்தெல்லாம் இல்லீங்க, ஒரே பக்கமா மென்னு மென்னு மூட்டு வீங்கிப்போச்சுன்னாங்க டாக்டரம்மா. வீக்கம் வத்துனதும் சொத்தைப் பல்லை எடுத்துரலாம், பொகையிலைய இன்னியோட உட்டுப்போடோணும்னும் சொன்னாங்க.

இவரு எந்திரிக்கலை. "இன்னொருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க அம்மணி"ன்னு அவரே வாயைத் தொறந்தாரு. டாக்டரம்மா மறுபடியும் பாத்தாங்க. பாத்து முடிக்கிற வரைக்கும் இவரு புடிச்ச என் கையை உடலைங்க.