கழுவாத பில்டர்

சுற்றிவரக் கடல் இருக்க, கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தவர் எங்கள் தீவில் என் கணவர் ஒருவராகத்தான் இருப்பார். கொழும்பில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர், எழுபதுகளின் நடுவில் ஊர்காவற்றுறைக்கு மாற்றம் கிடைத்து வந்தபோது எனக்கு ஒரு சேலை கொண்டு வரவில்லை. தொட்டியும் தங்கமீன்களும் கொண்டு வந்தார். குழம்பு எப்போது என்று ஊரே கேட்டது.

தொட்டியின் இரண்டு மூலையிலும் இரண்டு பில்டர். பிளாஸ்டிக் பெட்டிக்குள் பஞ்சும் சிரட்டைக்கரியும் இருக்கும். ஒரு சின்ன மோட்டர் காற்றை ஊத, தண்ணீர் அதற்குள்ளால் வடிந்து வரும். இந்தச் சின்னத் தொட்டிக்கு ஒன்று காணாதா என்று சண்டை பிடித்திருக்கிறேன். அவர் ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் கழுவுவார். அதையும் தொட்டித் தண்ணீரிலேயே பட்டும் படாமலும் அலசுவார். எனக்கு அருவருப்பு. சாட்டிக் கிணறுகளிலிருந்து நல்ல தண்ணீர் வருகிறதே, இரண்டையும் வடிவாகக் கழுவினால் என்ன என்று கேட்டேன்.

"உமக்கு ஊத்தையாத் தெரியிறதிலைதான் மீனின்ரை சீவன் இருக்கு," என்றார். "ஒண்டைக் கழுவினா மற்றது கழுவாமல் இருக்கவேணும். அதுக்குத்தான் ரெண்டு."

ஒருநாள் காலை கிணற்றடியில் விழுந்தார். கார் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று என் காது கேட்கவே சொன்னார்கள். சொல்லட்டும். உள்ளே ஒன்றுமே இல்லை. சோறு போட்டால் சாப்பிட்டேன், படுக்கச் சொன்னால் படுத்தேன். மீனுக்குத் தீன் போடுவதும் ஒரு பில்டரை அவரைப் போல அலசி வைப்பதும் மட்டும் யாரும் சொல்லாமல் நானாகச் செய்தவை. அந்த மீன்கள் சாகக்கூடாது. வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு முதல் நாள், துடக்கு என்கிற சாவுத் தீட்டு கழிய, செத்த வீட்டை மூலை முடுக்கெல்லாம் கழுவிவிடுவார்கள். என் மச்சாள், அதாவது அவருடைய அக்கா, ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கிணற்றடியில் தோய வார்த்துக் கூட்டி வந்தபோது நிலம் ஈரமாக இருந்தது. தொட்டி பளிச்சென்றிருந்தது. குடிக்கிற நல்ல தண்ணீரையே புதிதாக நிரப்பி, இரண்டு பில்டரையும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, பழைய பஞ்சையும் கரியையும் எறிந்து புதுசு வைத்திருந்தார்கள். தம்பியின் மீன் என்ற பாசத்தில் மச்சாள் தன் கையாலேயே செய்த வேலை. செத்தவரின் துடக்கைக் கழுவ வந்தவர்களிடம் ஊத்தையை ஏன் கழுவினீர்கள் என்று எப்படிக் கேட்பது? அறைக்குள் போய் இருந்துவிட்டேன்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒவ்வொன்றாக மிதந்தன. மச்சாள்தான் அழுதார்.

"ரெண்டும் ஓடிக்கொண்டுதானே இருக்கு, பிறகேன் செத்தது?" என்றார்.

"ஓம், ஓடுது," என்றேன்.

கடைசி மீனையும் மாமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, கை துடைக்கத் துணி தேடி அலுமாரியைத் திறந்தேன். அவருடைய சேட்டுகள் எல்லாம் தோய்த்து மடித்து அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் சவர்க்காரம்தான் மணத்தது. அப்போதுதான் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு சேட்டையாவது கழுவாமல் விட்டிருக்கலாம்.