ஞானம்மாள் டீச்சர் பேசாமல் இருந்த ஏழு நாள்

செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பஸ் கண்டக்டர். நான் இராஜபாளையத்துப் பள்ளிக்கு மாறி வந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்று காலை முதல் மணி அடிப்பதற்கு முன் பஸ்ஸைப் பள்ளி வாசலில் நிறுத்தி, படியில் நின்றபடியே அவர் சத்தம் கொடுத்தார். "டீச்சர், சீவில்லிபுத்தூர்ல உங்க கணக்கு டீச்சர் விடியக்காலம் போயிட்டாவளாம். நாலு மணிக்கு எடுக்காவளாம்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவர் இருக்கும்போதே நான் செய்து முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் காத்திருக்கவில்லை.

பிறகு நடந்த இரங்கல் கூட்டத்தில் என் கோபம் இன்னும் ஏறியது. மேடையில் பேசிய பெரியவர், "கடைக்காரர் தவறிப்போய்க் குறைத்து வாங்கிய பத்து ரூபாயைத் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்த உத்தமி" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னது பொய் இல்லை. ஆனால் கரும்பலகையில் ஒரு எண் தப்பாக இருந்தால்கூட ஞானம்மாள் டீச்சருக்கு இருப்புக் கொள்ளாது. அவரிடம் படித்த உங்களுக்கு அது தெரியும். அவர் உயிரோடு இருந்திருந்தால் அந்த மேடையிலேயே எழுந்து திருத்தியிருப்பார். கூடப் போனவள் நான் ஒருத்திதான். ஆகையால் இதை எழுதி நான் திருத்துகிறேன்.

சீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் அவரோடு வேலை பார்ப்பது சுலபமாக இல்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தன் தாளில் ஐந்து மார்க் கூடுதலாக விழுந்திருக்கிறது என்று தானே வந்து சொன்னாள். டீச்சர் "நல்லது" என்று சொல்லி ஐந்தையும் கழித்தார். பெண் பரீட்சையில் தேறாமல் போனாள். அவள் அழுததைப் பார்த்து நான் சண்டைக்குப் போனேன்.

"உண்மையச் சொன்ன பிள்ளைக்கு அந்த அஞ்ச விட்டுக்குடுத்தா என்ன கொறைஞ்சு போயிரும்?"

"மார்க்குக்காக அவ சொல்லல டீச்சர். நான் குடுத்தா அப்படி ஆயிருமே" என்றார்.

நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்தப் பெண்ணைத் தினமும் சாயங்காலம் தனியாக உட்கார வைத்து அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பது, அவள் அடுத்த பரீட்சையில் தேறிய பிறகே எனக்குத் தெரிந்தது. அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மறுபடியும் கோபம். எங்கள் சிநேகம் இப்படித்தான் நடந்தது.

யுத்தம் நடந்த காலம். துணி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. ஹாஸ்டல் பிள்ளைகளின் பாவாடைகள் ஒட்டுப்போட இடமில்லாமல் கிழிந்துவிட்டன. இராஜபாளையத்தில் ஒரு கடைக்குச் சரக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் போனோம். கல்லாவில் சவரிமுத்து என்ற கணக்கப்பிள்ளை இருந்தார். கூட்டம் அவரை நெருக்கியது. அவசரத்தில் பில்லை எழுதிக் கொடுத்தார். பணத்தைக் கட்டிவிட்டு, மூட்டையோடு பஸ் ஏறினோம்.

அப்போதெல்லாம் கரியில் ஓடுகிற பஸ். வழியில் கரியைக் கிளறிவிடுவதற்காக நிறுத்தினார்கள். டீச்சர் பில்லை எடுத்து வாய்க்குள் கூட்டிப் பார்த்தார்.

"டீச்சர், இதுல பத்து ரூபா கொறையுது."

"நமக்கா, அவங்களுக்கா?"

"அவங்களுக்கு. கூட்டும்போது மீதி ஒண்ண விட்டுட்டாரு. நாப்பத்தேழு வரணும். முப்பத்தேழு போட்டிருக்காரு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. "யுத்தத்தச் சாக்கு வச்சு ஒண்ணுக்கு ரெண்டா விக்கிற மொதலாளிதானே? பிள்ளைகளுக்கு எண்ணெய்க்கு ஆச்சு. பேசாம இருங்க" என்றேன்.

அவர் மூட்டையைக் கையில் எடுத்து எழுந்துவிட்டார். திரும்பி நடந்தே போய்விடுகிற ஆள். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "மொதலாளி காதுல விழுந்தா அந்தக் கணக்கப்பிள்ளை கதி என்ன ஆகும்? யோசிச்சீங்களா? அடுத்த சனிக்கிழமை வருவோம். அவரு கையில ரகசியமாக் குடுத்துருவோம். நல்லது செய்யிறோம்னு ஒருத்தர் பொழைப்புல மண்ணள்ளிப் போடாதீங்க."

அவர் மூட்டையைக் கீழே வைத்தார். பிறகு உட்கார்ந்தார். அவரோடு வாதாடி நான் ஜெயித்தது அந்த ஒருமுறைதான். கணக்கப்பிள்ளைமேல் எனக்கு அப்படி ஒன்றும் இரக்கம் இல்லை. ஒரு வாரம் போனால் விஷயம் ஆறிவிடும், பத்து ரூபாய் ஹாஸ்டலுக்கே நின்றுவிடும் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு கார்டு எழுதிக்கொண்டு வந்து காட்டினார். பில்லில் இன்ன இடத்தில் பிழை, பணம் பத்திரமாக இருக்கிறது என்று நான்கு வரி. "கார்ட மொதலாளிதானே மொதல்ல படிப்பாரு?" என்றேன். அவர் அதைக் கிழித்துப் போட்டார்.

சனிக்கிழமை போனோம். கல்லாவில் வேறு ஆள் இருந்தார். சவரிமுத்து எங்கே என்று டீச்சர் கேட்டதும் முதலாளி உள்ளேயிருந்து வந்தார்.

"வாங்க டீச்சரம்மா. இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றார். "அன்னைக்கே பில்லப் பாத்துட்டேன். தெரியாமப் போட்ட தப்புன்னு அவன் அழுதான். சரி, நெசமாத் தப்புன்னா கணக்குச் சொல்லிக்குடுக்கிற டீச்சருக்குத் தெரியாமப் போகுமா, திங்கக்கிழமை ஆளு வரும்னு பாத்தேன். செவ்வாய் பாத்தேன். புதனும் பாத்தேன். ஒரு சேதியும் இல்ல. அவனும் ஏசு சாமியக் கும்பிடுற வேதக்காரன், நீங்களும் வேதக்காரவ. கொறச்சு எழுதி ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டீங்கன்னு கடையில எல்லாரும் பேசுதாவ. புதன்கிழமை சாயங்காலம் கணக்கத் தீத்து அனுப்பிட்டேன்."

செவ்வாய்க்கிழமை எழுதிய கார்டைக் கிழிக்காமல் போட்டிருந்தால் புதன்கிழமை காலையில் அவர் கைக்கு வந்திருக்கும்.

டீச்சர் பத்து ரூபாயைக் கல்லாப் பெட்டிமேல் வைத்தார். "அவரு செஞ்சது கூட்டல் பிழை. தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நான். அவர வேலைக்குத் திருப்பிக் கூப்பிடுங்க" என்றார்.

"புது ஆளு வச்சாச்சும்மா."

"அப்ப அவரு திருடலைன்னு எழுதிக் குடுங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பினார். டீச்சர் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். துணி வாங்க ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அவர் அவர்களைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற அதே குரலில் சொன்னார்: "இங்க இருந்த கணக்கப்பிள்ளை திருடல. பத்து ரூபாயத் தெரிஞ்சே வச்சிருந்தது நான். என் பேரு ஞானம்மாள். சீவில்லிபுத்தூர்ல டீச்சர்."

அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன். கையைத் தட்டிவிட்டார். அடுத்து வந்தவரிடமும் சொன்னார். அதற்கடுத்தவரிடமும் சொன்னார். வந்தவர்கள் துணியைப் பார்க்காமல் எங்களையே பார்த்தார்கள். ஐந்தாவது ஆள் படியேறும்போது முதலாளி பேனாவை எடுத்தார்.

ஒரு தடவைகூட அவர் 'நாங்கள்' என்று சொல்லவில்லை. 'நான்' என்றே சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. டீச்சர் சர்ச்சுக்குப் போகாமல் சவரிமுத்துவின் ஊரான தளவாய்புரத்துக்குப் போனார். நானும் போனேன். சவரிமுத்துவின் மனைவி எங்களை உட்காரச் சொல்லவில்லை. "தண்ணிக்குப் போனா 'பாதிப் பங்குக்காரி வாரா'ன்னு சிரிக்காளுவ. அந்தப் பங்கு எம்புட்டுன்னு நீங்களே வந்து அவளுவகிட்டச் சொல்லுங்க" என்றார். டீச்சர் சொன்னார், "கூப்பிட்டுப் போங்கம்மா, சொல்லுறேன்" என்று. அந்த அம்மாள் அழுதுகொண்டு உள்ளே போய்விட்டார்.

முதலாளி எழுதித் தந்த கடிதத்தைச் சவரிமுத்து இரண்டுமுறை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஒரு நாலு நாளைக்கு முந்தி வந்திருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்திருக்கணும்" என்றார் டீச்சர்.

நான் வாசலில் நின்றேன். 'வரவிடாமல் தடுத்தவள் நான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தைக் காட்டித்தான், நாலு மாதம் கழித்து அவருக்கு ஒரு பஞ்சுப்பேட்டையில் எடைபோட்டு எழுதுகிற வேலை கிடைத்தது. சம்பளம் முன்னைவிடக் குறைவு. கடைத்தெருவில் எங்களைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். டீச்சர் ஒவ்வொரு முறையும் நின்று அவர் முதுகுக்கு ஒரு கும்பிடு போடுவார். "எதுக்கு இன்னும் இது?" என்று நான் எரிந்து விழுவேன். "அவரு எடுத்துக்கிடணும்னு இல்லையே டீச்சர்" என்பார்.

ஊர் அந்தப் பெஞ்சையும் பத்து ரூபாயையும் மட்டும் பிடித்துக்கொண்டது. "ஏழு நாள் வச்சிருந்தேன், ஒருத்தருக்கு வேலை போச்சு" என்று அவர் சொல்லச் சொல்ல, அதையும் அடக்கம் என்று புகழ்ந்தார்கள். அவர் அதில் பட்ட எரிச்சலைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அப்போதும் நான் குறுக்கே பேசவில்லை. அவரைச் சுமக்கவிட்டு, என்மேல் ஏன் ஒரு வார்த்தைகூடப் பழி போடவில்லை என்று உள்ளுக்குள் அவரிடமே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நான் பார்க்கப் போனபோது அவருக்கு மூச்சுவிடுவது கஷ்டமாக இருந்தது. அன்றைக்குத்தான் கேட்டேன். "இந்தச் செண்பகம் பேச்சக் கேட்டுத்தான் இருந்துட்டேன்னு யாருகிட்டயாவது ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்க. சரின்னு உக்காந்தது நான்தானே" என்றார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"உங்க பங்க நீங்கல்லா சொல்லணும். அத நான் எப்படிச் சொல்ல?"

அடுத்த ஞாயிறு தளவாய்புரம் போய்ச் சொல்லிவிட்டு வந்து அவரிடம் சொல்வதாக இருந்தேன். போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. அவரை அடக்கம் செய்த அன்று கூட்டத்தில் சவரிமுத்துவைத் தேடினேன். அவர் வரவில்லை.

ஞானம்மாள் டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அவர் திருப்பித் தந்த அந்தப் பங்கு ஒன்றுதான். சவரிமுத்து அவர்களே, யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். அன்று அவர் பஸ்ஸைவிட்டு இறங்கப் போனார். உட்கார வைத்தது நான்.