காத்து வரல

துறைமுகச் சாலையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சரக்கு விவரங்களோடு, மீனவர்களுக்குக் காற்று நிலவரம் சொல்லும் பக்கம் ஒன்றும் அதே சர்வரில் ஓடியது. எங்கள் ஊர் புன்னைக்காயலில் அந்தப் பக்கத்துக்குப் பெயரே 'காத்து'தான். "காத்து வந்துட்டா?" என்றால், பக்கம் திறந்துவிட்டதா என்று அர்த்தம்.

தணிக்கைக்கு வந்தவர்கள் பழைய டி.எல்.எஸ். முறைகளை நிறுத்தச் சொன்னார்கள். போனும் சர்வரும் பேசிக்கொள்வதை அடுத்தவர் ஒட்டுக்கேட்காமல் மறைக்கும் முறைகள் அவை, இப்போது ஓட்டையாகிவிட்டன. அவர்கள் சொன்னது நியாயம்தான். அதனால்தான் எரிச்சல். பழைய போன்களுக்கு அந்தப் பழைய முறை மட்டும்தான் தெரியும் என்று மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"இந்தக் காலத்துல யாரு சார் அதெல்லாம் வச்சிருக்கா? புதுசு வாங்கச் சொல்லுங்க."

யார் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் வீட்டிலேயே கிழடு தட்டிய போன்தான் படகுக்குப் போகும். உப்புத் தண்ணீரில் நல்ல போனை எவன் கொண்டுபோவான்? என் தங்கை புருஷனும் அப்படித்தான்.

நிறுத்தினேன். தணிக்கையில் தேறிவிட்டோம் என்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். மறுநாள் தங்கை புருஷன் போனில் கூப்பிட்டார்: "மச்சான், காத்து வரலியே."

என் போனையே கொடுத்தேன். அது தங்கை மகளின் கல்லூரிப் படிப்புக்குப் போயிற்று. அவள் போன் தங்கைக்கு, தங்கையின் போன் படகுக்கு. அதுவும் பழசுதான்; அதிலும் காத்து வரவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

ஒருநாள் காலை பக்கம் சிவப்பாகிவிட்டது; கடலுக்குப் போகக் கூடாது என்று பொருள். அவரைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. என்ஜின் இரைச்சலில் எங்கே கேட்கும்? அடுத்த முறை டவரே கிடைக்கவில்லை.

சாயங்காலம் வேறொரு படகு அவர் படகை இழுத்துவந்தது. வலை போய்விட்டது. தோள் எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணே, சரியானா அவிய திரும்பக் கடலுக்குத்தான் போவாவ. அந்தப் பழசை மட்டும் தொறந்துவிட முடியாதா?"

அதற்குள் சர்வரின் மென்பொருளையே மாற்றியிருந்தோம். பழைய முறை அதில் அறவே கிடையாது. திறக்க ஒன்றும் மிச்சமில்லை.

"பாக்குதேம்ளா" என்றேன். அவள் அதை நம்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.