துண்டுக்குள் வந்த கை

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்களோடு பேரம் பேச எனக்குப் பொழுதில்லை. ஒரு வார்த்தை கூட்டியும் சொல்லப்போவதில்லை, குறைத்தும் சொல்லப்போவதில்லை. நடு ராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. 1956, சித்திரை மாதம், ஒரு சனிக்கிழமை. மத்தியானம் சரியாக இரண்டு நாற்பதுக்கு.

வெங்கடப்பன் குருபரப்பள்ளி மாட்டுத் தரகன். விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் தோள் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்கிற தொழில். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலு விரலைப் பிடித்தால் நாலு. சுற்றி நூறு பேர் வாய் பிளந்து நின்றாலும் உள்ளே நடப்பது ஒருத்தனுக்கும் தெரியாது. சந்தையில் எல்லாத் தரகர்களும் ஆள்காட்டி விரலிலிருந்து எண்ணுவார்கள். வெங்கடப்பன் மட்டும் சுண்டு விரலிலிருந்து எண்ணுவான். பேச்சு முடிந்ததும் கட்டைவிரல் நகத்தை எதிராளியின் உள்ளங்கையில் ஒரு அழுத்து அழுத்துவான். தொழில் சொல்லிக்கொடுத்த கரியப்பனிடமிருந்து வந்த பழக்கம் அது.

"இது எங்க அப்பன் புடிச்ச புடிடா" என்பார் கரியப்பன். "ஜில்லா முழுக்கத் தேடினாலும் மூணு கைக்குத்தான் தெரியும். எனக்கு, உனக்கு, அப்புறம் போய்ச்சேர்ந்தாளே என் பொண்டாட்டி கெம்பம்மா, அவளுக்கு. விளையாட்டாக் கத்துக்கிட்டா."

கெம்பம்மா தாய்வீட்டுக்குப் போன இடத்தில் காலராவில் போய்விட்டாள் என்று 46-லேயே ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. கருமாதிச் சோறு வெங்கடப்பனும் தின்றான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெங்கடப்பன் மனைவி நஞ்சம்மாவுக்குப் பிறந்த குழந்தை ஒன்பதாம் நாள் இறந்தது. அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை. கிணற்றுக்குள் பிள்ளை அழுகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போது கரியப்பன்தான் வழி சொன்னார். "அத்திப்பள்ளி தாண்டி ஒரு ஆஸ்பத்திரி இருக்குதுடா. விட்டுட்டு வா. போய்ப் போய்ப் பாக்காதே. உன்னைப் பாத்தா அவளுக்கு வேகம் ஏறும்."

நீங்கள் நினைக்கிற சர்க்கார் ஆஸ்பத்திரி இல்லை அது. யுத்த காலத்தில் பட்டாளம் கட்டிவிட்டுப் போன கொட்டகைகளில் தனி ஆள் ஒருவர் நடத்தியது. மூடிப் பல காலம் ஆகிறது, பெயர் வேண்டாம். கார்த்திகையில் வெங்கடப்பன் கையெழுத்துப் போட்டு அவளை அங்கே விட்டான். ஒரு காளையை வாங்கிக்கொடுப்பதற்கு முன் அதன் வாயைப் பிளந்து பல்லை எண்ணுகிறவன், குளம்பைத் தட்டிப் பார்க்கிறவன், கட்டின பெண்டாட்டியை விட்ட இடத்துக்குள் ஒரு தடவை தலையை நீட்டிப் பார்க்கவில்லை. இதை அவனே பின்னால் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொள்ளட்டும். நல்லா அடித்துக்கொள்ளட்டும்.

மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு டப்பா எள்ளுருண்டையோடு போவான். ஜன்னல் ஓரத்தில் காவல்கார ஆஞ்சப்பன் டப்பாவை வாங்கி உள்ளே கொண்டுபோவான். சற்று நேரத்தில் காலி டப்பாவோடு வருவான். "நல்லா சாப்பிட்டுதுப்பா உன் சம்சாரம். இப்பத் தூங்குது. எழுப்பக் கூடாது." காலி டப்பாவைப் பார்த்து வெங்கடப்பன் மனசு நிறைந்து திரும்புவான். நாலு தடவை.

ஐந்தாவது தடவைதான் இது.

இரண்டு பத்துக்கு வாசலில் நின்றான். ஆஞ்சப்பன் டப்பாவை வாங்கினான்.

"ஊசி போட்டிருக்குப்பா. நாளே பா."

"நாளைக்கு வரதுக்கு நான் என்ன பக்கத்துத் தெருவா? எழுந்திருக்கட்டும், பாத்துட்டுத்தான் போவேன்."

"உன் இஷ்டம் ராஜா. பெஞ்சு இருக்குது, உக்காரு."

வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. நல்ல வெயில் அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தால் வேட்டியைத் தாண்டிச் சுட்டது. துண்டை மடியில் போட்டுக்கொண்டான். ஆபீஸ் அறைக்குள் சுவர்க் கடிகாரம்... டக்... டக்... டக். எங்கோ ஒரு பெண் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன வார்த்தை என்று புரியவில்லை.

இரண்டரைக்கு அந்தக் குரல் நின்றது.

இரண்டு நாற்பதுக்குக் கடிகாரச் சத்தம் நின்றது.

அந்துருண்டை வாசனை வந்தது. பெட்டியில் பல வருஷம் கிடந்த துணியின் வாசனை. வெங்கடப்பன் ஓரக்கண்ணால் பார்த்தான். பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் வந்த சத்தம் கேட்கவில்லை. பெஞ்சு அசையவில்லை.

ஒட்ட வெட்டிய தலை. முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பியிருந்தாள். உடம்பில் காக்கித் துணியில் தைத்த தொளதொளவென்ற அங்கி. இங்கே நோயாளிகள் வெள்ளைச் சேலை அல்லவா கட்டுவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. யாரோ பாவம், தப்பி வந்துவிட்டாள் என்று நினைத்தான். ஆஞ்சப்பனைக் கூப்பிட வாயைத் திறந்தான்.

அவன் மடித் துண்டுக்கு அடியில் ஒரு கை நுழைந்தது.

வெயிலில் அத்தனை குளிர்ந்த கை...

இழுத்துக்கொள்ளப் போனான். முடியவில்லை. அந்தக் கை அவன் விரல்களைப் பிடித்தது.

சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல். ஆள்காட்டி விரல்.

நாலு.

விட்டது.

சுண்டு விரல். மோதிர விரல். நடு விரல்.

மூணு.

திரும்பவும் நாலு. திரும்பவும் மூணு. அப்புறம் ஒரு நகம் அவன் உள்ளங்கையில் இறங்கியது.

"ஸ்..." என்று துண்டை உதறினான்.

பெஞ்சில் யாரும் இல்லை.

டக்... டக்... டக்.

அவள் உட்கார்ந்திருந்த இடத்தைத் தொட்டான். சுட்டெரிக்கிற பெஞ்சில் அந்த ஒரு சாண் மட்டும் கிணற்றுக்கல் மாதிரி சில்லென்றிருந்தது. உள்ளங்கையில் பிறை மாதிரி ஒரு நகக்குறி. ரத்தம் கசிந்தது.

மூணு கைக்குத்தான் தெரியும்.

நிமிர்ந்து பார்த்தான். எதிரே வரிசையாகக் கொட்டகைகள். ஒவ்வொன்றின் மேலும் தாரால் எழுதிய நம்பர். ஒன்று, இரண்டு, மூன்று. தூரத்தில், கடைசியில், புதர் மண்டி... நாலு.

ஆஞ்சப்பன் வாயைத் துடைத்துக்கொண்டு காலி டப்பாவோடு வந்தான்.

"நல்லா சாப்பிட்டுதுப்பா உன்..."

"நாலாம் நம்பர்ல யாரு இருக்கறாங்க?"

"யாருமில்லே. பூட்டிக் கெடக்குது."

"அதுல மூணாவது ரூமு?"

டப்பா கீழே விழுந்து உருண்டது. "யாரு... யாரு சொன்னது உனக்கு?"

முரட்டு மாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடித்து நிறுத்துகிறவனுக்கு ஆஞ்சப்பன் எந்த மூலைக்கு? சட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனான். இடுப்புச் சாவிக்கொத்து வழியெல்லாம் சல் சல் என்றது. மூன்றாவது சாவியில் கதவு திறந்தது.

இரண்டு ஐம்பத்தைந்து.

இருட்டு. மூத்திர நாற்றம். அதற்கு மேல் அந்துருண்டை வாசனை.

மூலையில் ஒரு துணி மூட்டை.

மூட்டை அசைந்தது.

"வந்துட்டீங்களா?" என்றது.

நஞ்சம்மா. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. வெங்கடப்பன் அவளைத் தூக்கினான். கார்த்திகையில் விட்டபோது இருந்த கனத்தில் பாதிகூட இல்லை.

"அந்தக்கா இப்பத்தான் போச்சு" என்றாள். "இரு, உம் புருசனைக் கையோட கூட்டியாரேன்னு சொல்லிச்சு."

"எந்தக்கா?"

"காக்கி போட்டிருக்குமே. தினமும் என் பக்கத்துல உக்காந்து வெரலை நீவி விடும். உம் புருசன் என்ன தொழில்னு கேட்டுச்சு. மாட்டுத் தரகுன்னேன். சிரிச்சுச்சு... எம் புருசனும் அதேதான்னுச்சு."

வெங்கடப்பன் கதவைப் பார்த்தான். உள்ளே தாழ்ப்பாள் இல்லை. வெளியே பூட்டில் துரு. சோற்றுத் தட்டைத் தள்ளக் கதவடியில் ஒரு சந்து, அவ்வளவுதான். அந்தக் கதவைத் தாண்டி யாரும் தினமும் வந்துபோயிருக்க முடியாது.

ஆஞ்சப்பன் வாசலிலேயே நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

"மொத மாசம் ஆயா கையைக் கடிச்சிட்டுதுப்பா. அதான் இங்க... ஆளு பத்தாது. டாக்டர் வாரம் ஒரு நாள்தான் வராரு. யாரும் கேக்கலே."

"நான் கேக்கலே. அதைச் சொல்லு. எள்ளுருண்டை எப்படி, வெல்லம் போதுமா? அடுத்த மாசம் இன்னும் கொஞ்சம் சேத்துக் கொண்டாரட்டா?"

ஆஞ்சப்பன் தலையைத் தொங்கப் போட்டான்.

"டாக்டர் வராம வெளிய விட முடியாதுப்பா. கையெழுத்து..."

"உள்ள விடக் கையெழுத்துப் போட்ட கை இதுதான்டா" என்று ரத்தம் கசிகிற கையை நீட்டினான் வெங்கடப்பன். "வெளியே எடுக்கவும் இதே கைதான். நோட்டை எடு."

நகக்குறியைப் பார்த்ததும் ஆஞ்சப்பன் ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தான். கையெழுத்து வாங்கிக்கொண்டு கேட் வரைக்கும் கூடவே வந்தான். கேட்காமலே சொன்னான்.

"காக்கித் துணி இங்க எட்டு வருசமா இல்லப்பா. ஆரம்பத்துல பட்டாளத்துத் துணி மீந்து கெடந்துச்சு, அதுலதான் தச்சுக் குடுத்தாங்க. கடைசியா அதைப் போட்டிருந்தது ஒரு அம்மா. உங்க பக்கம்தான். நல்லாக் குணமாயிடுச்சு. கூட்டிக்கிட்டுப் போன்னு புருசனுக்குக் காயிதம் போட்டாங்க. ஒம்போது காயிதம். ஒம்போதாவது திரும்பி வந்துச்சு. அதுலே எழுதியிருந்தான்... அப்படி ஒருத்தி இல்லே, அவ செத்துட்டான்னு."

"அப்புறம்?"

"கேக்க ஆளில்லாததுன்னு நாலாம் நம்பர்லே போட்டாங்க. மூணாம் ரூம்லே. 48-லே அங்கேயே போச்சு. போனது மூணு நாளு யாருக்கும் தெரியாது. சோத்துத் தட்டு தினமும் காலியாத் திரும்பி வந்துச்சு... அதனாலே."

"அதுதான் செத்துடுச்சே. தட்டு எப்படிடா காலியா வந்துச்சு?"

ஆஞ்சப்பன் திரும்பி, வராந்தாப் பக்கம் தரையில் கிடந்த எள்ளுருண்டை டப்பாவைப் பார்த்தான்.

"அந்தம்மா பேரு?"

"கெம்பம்மா."

நஞ்சம்மாவை வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துத் தானும் படுக்க இடம் கேட்டு வாங்கினான். பத்து நாளில் காய்ச்சல் இறங்கியது. உள்ளங்கைக் காயமும் ஆறியது. தம்பி மனைவியை அவளுக்குத் துணைக்கு வைத்துவிட்டு அடுத்த சந்தைக்கு வந்தான்.

காலை பதினொன்று இருபது. சந்தை நிறையக் கூட்டம். கரியப்பன் புளியமரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றார்.

"என்னடா, பொண்டாட்டியைத் திருப்பிக் கொண்டாந்துட்டியாமே? புத்தி கெட்டவனே. நான் அத்தனை சொல்லியும்..."

"ஒரு பேச்சு இருக்குதுண்ணா. கையைக் குடு."

துண்டைப் போட்டான். உள்ளே கரியப்பனின் கையைப் பிடித்தான். சுண்டு விரலிலிருந்து நாலு. அப்புறம் மூணு.

கரியப்பன் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னடா கணக்கு இது?"

"கதவு நம்பருண்ணா. நாலு, மூணு. நீ எழுதித் திருப்பி அனுப்பின ஒம்போதாவது காயிதம் அங்கதான் போய்ச் சேந்துச்சு."

கரியப்பன் ஐயோ என்று அலறவில்லை. அவள் எப்படிப் போனாள் என்று கேட்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வேற யாருக்குடா தெரியும்?"

வெங்கடப்பன் த்தூ என்று துப்பிவிட்டு, கையை உருவிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

துண்டு கரியப்பன் கைமேலேயே கிடந்தது.

"விடுடா" என்றார் கரியப்பன்.

வெங்கடப்பன் இன்னும் ஒரு அடி பின்னால் போனான்.

"விளையாடாதேடா... வலிக்குது... கையை விடுடா!"

வெங்கடப்பன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினான்.

துண்டுக்கு அடியில் ஏதோ அசைந்துகொண்டிருந்தது.

நாலு தடவை மேடு தட்டியது. நின்றது. மூணு தடவை.

கூட்டம் விலகியது.

கரியப்பன் வீரிட்டார். துண்டு தரையில் விழுந்தது. அந்துருண்டை வாசனை வந்ததாக அங்கே நின்ற ஏழெட்டுப் பேர் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு கரியப்பன் வலது கையை யாரிடமும் நீட்டவில்லை. முஷ்டி மூடியபடியே இருந்தது. இடது கையால் சாப்பிட்டார். 58, மார்கழியில் இறந்தார். குளிப்பாட்டும்போதும் அந்த முஷ்டி திறக்கவில்லை. வெங்கடப்பன்தான் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். சுண்டு விரலிலிருந்து.

உள்ளங்கையில் பிறை மாதிரி ஒரு நகக்குறி.

இரண்டரை வருஷத்துக் காயம். ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது.