லாக்கப் என்ற சொல்

ஈய எழுத்துகளை வரிவரியாக அடுக்கி, சுற்றிலும் இரும்புச் சட்டம் வைத்து, இடையில் மரக்கட்டைகளைச் சொருகித் தட்டித் தட்டி இறுக்கினார் என் கணவர். பிறகு சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். ஓர் எழுத்துகூட உதிரவில்லை. "இதுக்குப் பேருதான் லாக்கப். இது முடிஞ்சாத்தான் அச்சுக்கு ஏறும், கேட்டியா?" என்றார். கல்யாணமான புதிதில், நாகர்கோவிலில் அவர் எழுத்துக் கோத்த அச்சகத்துக்கு என்னைக் கூட்டிப் போயிருந்த நாள் அது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அது ஒன்றுதான்.

இராஜாக்கமங்கலத்தில் குடியிருந்தோம். ஆவணியில் கொல்லம் ஆண்டு பிறப்பதற்குள் பஞ்சாங்கத்தை முடித்தாக வேண்டும் என்பதால், ஆடியில் அவர் சில நாள் அச்சகத்திலேயே தங்கிவிடுவார். "லாக்கப் இருக்கு" என்று யாரிடமாவது சொல்லி அனுப்புவார். அப்படி ஓர் ஆடி மாதத்தில்தான், சந்தையிலிருந்து திரும்பிய மீன்கார அக்கா வாசலில் நின்று, "ஏட்டி, ஒன் மாப்பிள லாக்கப்புல இருக்காராம். பிரஸ்ஸுல உள்ள ஆளு சொல்லச் சொன்னாரு" என்றாள். அவளுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியாது, கேட்டதை அப்படியே சொன்னாள். நான் பதறவில்லை. மறுநாள் வந்தால் சாப்பிடட்டும் என்று அவளிடமே சாளை மீன் வாங்கிப் புளிமுளக் குழம்பு வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் அச்சு இயந்திரம் ஓட்டுகிறவர் நேரில் வந்தார். "என்னம்மா, நேத்தே சொல்லி விட்டேனே, யாரும் வரல்லியே?" என்றார். பிறகுதான் எல்லாம் தெரிந்தது. கோயில் தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டும் என்று கேட்டு ஒரு நோட்டீஸ் வெளிவந்திருந்தது. அதைக் கோத்தது என் கணவர். எழுதித் தந்தவர் யார் என்று கேட்டுப் போலீசார் அவரைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். முதல் நாள் வெறும் கேள்விதான். அடித்தது மறுநாள் காலையில்.

பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த என் பெரியப்பா ஜாமீன் நின்று அவரை வெளியே கொண்டுவந்தார். வலது கையில் மூன்று விரல்கள் நசுங்கியிருந்தன. எழுதியவர் பெயரை அவர் சொல்லவில்லை.

மூன்று பேரும் மாட்டுவண்டியில் திரும்பும்போது வேறெதைப் பேசுவதென்று தெரியாமல், பெரியப்பாவிடம் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டேன். லாக் என்றால் பூட்டு, அப் சேர்ந்தால் முழுக்கப் பூட்டிவிடுவது என்றார். வெள்ளைக்காரர் நாட்டில் விடுதிப் பிள்ளைகளை அந்தியில் உள்ளே விட்டுக் கதவடைக்கும் நேரத்துக்கும் அதே பெயராம். ஆட்களை அடைக்கும் இடத்தை முதலில் 'பூட்டி வைக்கும் வீடு' என்றுதான் சொன்னார்களாம். நாளாக ஆக வீடு என்பது உதிர்ந்துபோய் மிச்சம் மட்டும் நின்றுவிட்டதாம். இன்றைக்குச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அதன் பொருள் தெரியும். அன்று நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். என் கணவர் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு கேட்டார், "ஏட்டி, முந்தின நாளே எதுக்கு யாரும் வரல்ல?"

நான் நடந்ததைச் சொன்னேன். மீன் வாங்கியதையும் மறைக்கவில்லை.

"நான்தானே ஒனக்கு அதச் சொல்லித் தந்தேன்" என்றார்.

குரலில் குற்றம் சாட்டுவதாக ஒன்றும் இல்லை. கட்டுப் போட்ட கையை என் மடியில் வைத்தார். பிற்பாடு கட்டை அவிழ்த்து எத்தனையோ மாதம் எண்ணெய் தடவி உருவிவிட்டேன். அந்த மூன்று விரல்களும் நிமிரவே இல்லை. அவர் மறுபடி எழுத்துக் கோக்கவும் இல்லை.