வடக்கால வலி

விளக்கெண்ணெய் வாசனை வந்தால் இன்றும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். செலியமேட்டு வீட்டில் கிழக்கே தலைவைத்துப் பாயில் மல்லாந்து கிடந்த அப்பாவின் வயிற்றில் அம்மா அதைத் தடவிக்கொண்டிருக்க, காலடியில் உட்கார்ந்திருந்த என்னிடம், "வடக்கால குத்துதுடி" என்று அவர் முனகினார். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீட்டில் இடம், வலம் என்ற பேச்சே கிடையாது. வயலுக்கு மடை திருப்புகிற மனிதர், சோற்றுத் தட்டைக்கூட "தெக்கால தள்ளு" என்றுதான் சொல்வார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. அம்மா அழுதுகொண்டே இருந்தாள். வலி எந்தப் பக்கம் ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்க, "வடக்கால" என்றேன்.

"வடக்கு தெக்குலாம் வேணாம் பாப்பா. இடமா, வலமா?"

ஜன்னலில்லாத அந்த அறையில் வடக்கு எது என்றே தெரியவில்லை. வீட்டில் அவர் காலடியில் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பார்த்தேன். வடக்குச் சுவர் என் இடது கைப்பக்கம் இருந்தது. "இடது" என்று வகுப்பில் பதில் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னேன்.

கல்லடைப்பாக இருக்கும் என்று மருந்து ஏற்றினார்கள். வலப்பக்கத்துக் குடல்வால் வெடித்திருப்பது மறுநாள்தான் தெரிந்தது. அப்பா பிழைத்தார், ஆனால் அதற்குப் பிறகு ஒரு கரும்புக்கட்டைக்கூட அவரால் தூக்க முடியவில்லை. "கொழந்த இன்னா பண்ணும்?" என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு அழுகைதான் வந்தது.

நர்சிங் படிப்பில் முதல் வாரமே இதைத்தான் நடத்தினார்கள். உடம்பு எப்படிக் கிடந்தாலும் உள்ளங்கையை முன்னால் காட்டி நிமிர்ந்து நிற்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்; மேல் என்றால் தலைப்பக்கம், படுத்திருந்தாலும்தான்; வலம் என்றால் நோயாளியின் வலம், பார்க்கிறவருடையது அல்ல. மற்ற பெண்கள் எழுதிக்கொண்டார்கள். இவ்வளவுதானா, இதை யாராவது முன்னமே எனக்குச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

போன தை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வலக்கை விழுந்துவிட்டது, இடக்கை காட்டும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. வீட்டில் திசை சொல்லிப் பேச இப்போது ஆளில்லை, என் பிள்ளைகள் லெப்ட், ரைட் என்கிறார்கள். நேற்று அவர் முகம் சுளித்து முனகியபோது, படித்தபடி ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அவர் காலடியில் போய் உட்கார்ந்து, "வடக்காலயாப்பா? தெக்காலயா?" என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வலி எந்தப் பக்கம் என்று இந்த முறையும் எனக்குத் தெரியவில்லை.